பன்னிரண்டு பேரும் ஒரு பெயர்ப் பட்டியலும்

கப்பல் அதிகாரிகளுக்கான பயிற்சியில் தலைமைப் பண்பும் குழுவாக வேலை செய்வதும் கட்டாயப் பாடங்களாகிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2010இல் மணிலாவில் திருத்தப்பட்ட சர்வதேசப் பயிற்சி விதிகள் அதைக் கொண்டுவந்தன. அந்த வகுப்புகளிலும் சரி, வெளியே மேடைகளிலும் சரி, ஒரு கருத்து தவறாமல் வந்துவிடும்: உறுதி கொண்ட நாலு பேர் சேர்ந்தால் உலகத்தையே மாற்றிவிடலாம். கேட்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பலில் ஏறி, இருபது பேரில் ஒருவராக, சில மாத ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவருக்கு அந்த உற்சாகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை.

அந்தக் கருத்தைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. உறுதி கொண்ட சிறு குழுக்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சுவடில்லாமல் போய்விட்டன. ஜெயித்த சில குழுக்களிடம் உறுதிக்கு மேல் இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கடலோடிகளின் வரலாற்றிலேயே அதற்குத் தெளிவான சான்று இருக்கிறது.

அச்சகத்தில் கூடியவர்கள்

1787 மே 22 அன்று லண்டனில் ஜார்ஜ் யார்ட் என்ற இடத்தில் இருந்த ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு பேர் கூடினார்கள். ஒன்பது பேர் குவேக்கர் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினர். மற்ற மூவர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அடிமை வணிகத்தை ஒழிப்பதுதான் அவர்களின் நோக்கம். அன்றைய பிரிட்டிஷ் கப்பல்கள் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தன. லிவர்பூலும் பிரிஸ்டலும் அந்தப் பணத்தில் செழித்தன. குவேக்கர்களோ நாடாளுமன்றத்தில் உட்காரக்கூட முடியாதவர்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1807 மார்ச் 25 அன்று, பிரிட்டிஷ் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது.

அவர்கள் எடுத்த முதல் முடிவே கசப்பானது. அடிமை முறை முழுவதையும் எதிர்ப்பதா, அடிமைகளைக் கப்பலில் ஏற்றி விற்கும் வணிகத்தை மட்டும் எதிர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. குழுவின் தலைவர் கிரான்வில் ஷார்ப் முழுவதையும் எதிர்க்க வேண்டும் என்றார். மற்றவர்கள் வணிகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். தோட்ட முதலாளியின் சொத்தில் கை வைத்தால் கரீபியத் தீவுகளின் சட்டசபைகள் குறுக்கே நிற்கும். கப்பல் போக்குவரத்து மட்டும் லண்டன் நாடாளுமன்றத்தின் நேரடி அதிகாரத்தில் இருந்தது. எந்தக் கதவு யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்து, திறக்கக்கூடிய கதவைத் தட்டினார்கள். கொள்கையளவில் ஷார்ப் சொன்னதுதான் சரி. ஆனாலும் பன்னிரண்டு பேரால் தூக்கக்கூடிய கனம் எவ்வளவு என்ற கணக்கு மற்றவர்களிடம் இருந்தது.

துறைமுகத்தில் ஒரு தேடல்

அடுத்த வேலை, தாமஸ் கிளார்க்சன் என்ற இளைஞரைத் துறைமுகங்களுக்கு அனுப்பியது. அவருக்கு அப்போது வயது 27. அடிமை வணிகத்தை ஆதரித்தவர்கள் அன்று வலுவான ஒரு வாதம் வைத்திருந்தார்கள். அந்த வணிகம்தான் பிரிட்டனுக்கு மாலுமிகளை உருவாக்கித் தருகிறது, அதை நிறுத்தினால் போர்க் காலத்தில் கடற்படைக்கு ஆள் கிடைக்காது என்றார்கள். ஆப்பிரிக்கர்களின் துன்பத்தைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், நாட்டின் பாதுகாப்பு என்ற ஒரு சொல்லில் அது அடிபட்டுப் போகும்.

கிளார்க்சன் அந்த வாதத்தோடு வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. கப்பல் பணியாளர் பட்டியல்களைத் தேடிப் போனார். ஒவ்வொரு பயணத்துக்கும் யார் ஏறினார்கள், யார் எங்கே இறங்கினார்கள், யார் ஓடிப்போனார்கள், யார் இறந்தார்கள் என்பதைக் குறித்த ஏடுகள் அவை. கப்பல்காரர்களே கொடுத்து, துறைமுகத்தில் சேர்ந்து கிடந்தவை. உட்கார்ந்து பெயர் பெயராகப் படியெடுத்தார். ஏறக்குறைய 20,000 மாலுமிகளின் கதி அவர் கையில் சேர்ந்தது. அடிமைக் கப்பல்களில் போன மாலுமிகளில் சுமார் ஐந்தில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. மற்ற வணிகக் கப்பல்களில் சாவு இதைவிட எவ்வளவோ குறைவு. மாலுமிகளை உருவாக்குவதாகச் சொல்லப்பட்ட வணிகம் அவர்களைத் தின்றுகொண்டிருந்தது. அதைச் சொன்னது எதிர்த் தரப்பின் சொந்த ஏடு.

பிரிஸ்டலில் அவர் இரவுகளில் மதுக்கடைகளுக்குப் போய்ப் பார்த்தார். வழி காட்டியவர் செவன் ஸ்டார்ஸ் என்ற சத்திரத்தை நடத்தியவர். தெரிந்து யாரும் அடிமைக் கப்பலில் ஏற மாட்டார்கள். அதனால் மாலுமிகளைக் குடிக்கவைத்து, போதையில் கையெழுத்து வாங்கினார்கள். கடைக்காரரிடம் கடன் ஏறியவருக்குச் சிறை அல்லது கப்பல் என்ற இரண்டே வழி. லிவர்பூலில் கிளார்க்சனை ஒரு கும்பல் துறை மேடையின் ஓரத்துக்கு நெருக்கிக் கடலில் தள்ளப் பார்த்தது. அவர் ஆஜானுபாகுவான மனிதர். முட்டி மோதி வெளியே வந்துவிட்டார். அடிமைக் கப்பலில் மருத்துவராக வேலை பார்த்து வெறுத்து விலகிய அலெக்சாண்டர் பால்கன்பிரிட்ஜ் லிவர்பூலில் அவருக்குத் துணையாக இருந்தார்.

ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கர்கள் எப்படி அடிமைகளாகிறார்கள் என்ற கேள்வி நாடாளுமன்ற விசாரணையில் எழுந்தது. போர்க் கைதிகளைத்தான் வாங்குகிறோம் என்றார்கள் வணிகர்கள். இரவில் படகில் போய்க் கிராமங்களில் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று கிளார்க்சன் கேள்விப்பட்டிருந்தார். கேள்விப்பட்டது சாட்சியம் ஆகாது. அப்படி ஒரு படகில் போன மாலுமி ஒருவர் இப்போது கடற்படையில் இருக்கிறார் என்று தகவல் வந்தது. பெயரும் தெரியாது, கப்பலும் தெரியாது. கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கடற்படைக் கப்பல்களில் ஏறி விசாரித்தார். நூற்றுக்கணக்கான கப்பல்களில் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் பிளிமத் துறைமுகத்தில் அவர் ஏறிய ஐம்பத்தேழாவது கப்பலில் ஐசக் பார்க்கர் என்ற அந்த மாலுமி இருந்தார். பார்க்கர் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, கலபார் ஆற்றில் தாம் கண்டதைச் சொன்னார்.

மூன்றாவது சான்று ஒரு படம். லிவர்பூலின் புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் தளத்தை அளவெடுத்து வரைந்தார்கள். ஆணுக்கு ஆறடி நீளம், பதினாறு அங்குல அகலம் என்று இடம் ஒதுக்கி, மனித உருவங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். எவ்வளவு நெருக்கி வரைந்தும் 482 உருவங்கள்தான் அடங்கின. 1788இல் வந்த புதிய சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்தது 454 பேரை. சட்டத்துக்கு முந்தைய ஒரு பயணத்தில் அதே கப்பல் ஏற்றிச் சென்றது 609 பேரை. படத்தில் அழுகையும் இல்லை, சாட்டையும் இல்லை. பார்த்தவர்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்து அதிர்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் அச்சாகி வீட்டுச் சுவர்களில் ஏறியது அது.

பட்டியல், சாட்சி, படம் மூன்றையும் இணைப்பது ஒன்றுதான். வெளியாள் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். நம்புங்கள் என்று குழு கேட்கவில்லை, பாருங்கள் என்று கையில் கொடுத்தது. நம்பச் சொன்னால் ஆட்பலம் வேண்டும், அந்தஸ்து வேண்டும். பார்க்கக் கொடுப்பதற்குப் பன்னிரண்டு பேரே போதும். உறுதி அவர்களை வேலை செய்யவைத்தது. அந்த வேலையில் விளைந்த ஆதாரம்தான் மற்றவர்களை அசைத்தது.

ஆய்வுகள் சொல்வது

சிறுபான்மையின் கருத்து எப்போது எடுபடும் என்பதை உளவியலாளர்களும் சோதித்திருக்கிறார்கள். 1969இல் பிரான்சில் செர்ஜ் மாஸ்கோவிசி குழுவினர் ஆறு ஆறு பேராக உட்காரவைத்து நீல நிறப் படங்களைக் காட்டினார்கள். ஆறில் இருவர் ஆய்வாளர் ஏற்பாடு செய்தவர்கள். அந்த இருவரும் ஒவ்வொரு முறையும் மாறாமல் பச்சை என்றபோது, மற்றவர்களின் பதில்களில் 8.42 சதவீதம் பச்சை ஆனது. இருவரும் சில நேரம் பச்சை, சில நேரம் நீலம் என்று மாற்றிச் சொன்னபோது அது 1.25 சதவீதமாகச் சுருங்கியது. இரண்டு பாடங்கள் இதில் இருக்கின்றன. சொன்னதையே மாறாமல் சொல்கிற சிறுபான்மைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பும் நூற்றுக்கு எட்டு என்ற அளவில்தான். கண்ணெதிரே நீலமாக இருப்பதை உறுதியால் மட்டும் பச்சையாக்க முடியாது.

2018இல் அமெரிக்காவில் டேமன் சென்டோலாவும் சகாக்களும் நடத்திய சோதனை இன்னொன்று. 20 முதல் 30 பேர் கொண்ட குழுக்கள் ஒரு முகத்தின் படத்துக்குப் பொதுவான ஒரு பெயரை உடன்பட்டு வைத்துக்கொண்டன. அதன்பின் உள்ளே அனுப்பப்பட்ட சிலர் வேறொரு பெயரையே விடாமல் சொன்னார்கள். அவர்கள் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தவரை பழைய பெயரே நிலைத்தது. நான்கில் ஒரு பங்கை எட்டியதும் குழுவின் பழக்கம் புரண்டது. இருபது பேர் இருக்கும் சரக்குக் கப்பலுக்கு இதைப் பொருத்தினால் ஐந்து பேர் என்று வரும். ஆனால் அந்தச் சோதனையில் கேப்டன் இல்லை, சம்பளம் இல்லை, ஒப்பந்தம் நீடிக்குமா என்ற கவலையும் இல்லை. அதனால் ஐந்து என்ற எண்ணை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனி ஒருவர் முணுமுணுப்பதற்கும் சிலர் ஒரே சொல்லில் நிற்பதற்கும் தூரம் அதிகம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

குழுவால் முடியாதவை

இந்தக் கதையைப் பன்னிரண்டு வீரர்களின் வெற்றியாகச் சொன்னால் அதுவும் பாதிக் கதைதான். இத்தனை ஆதாரங்களுக்குப் பிறகும் 1791இல் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 163க்கு 88 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த ஆண்டு நாடெங்கிலுமிருந்து 519 மனுக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்து குவிந்தன. அடிமைகள் விளைவித்த சர்க்கரையை லட்சக்கணக்கானோர் ஒதுக்கினார்கள். 1791 ஆகஸ்டில் செயின்ட் டொமிங்குவில் அடிமைகளே கிளர்ந்தெழுந்து, பின்னாளில் ஹைட்டி என்ற சுதந்திர நாட்டை உருவாக்கினார்கள். ஒலாடா எக்வியானோ தம் வாழ்க்கையை 1789இல் புத்தகமாக எழுதினார். அடிமையாக விற்கப்பட்டு, கப்பல்களில் உழைத்து, தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கியவர் அவர். பன்னிரண்டு பேர் மூட்டிய தீயில் இத்தனை பேர் விறகு போட்டார்கள் என்று சொல்வதுகூடச் சரியாகாது. எக்வியானோவும் செயின்ட் டொமிங்குவின் மக்களும் யாரும் மூட்டாமலேயே எரிந்துகொண்டிருந்தவர்கள்.

சுருக்கிய கோரிக்கைக்கு ஒரு விலையும் இருந்தது. வணிகம் 1807இல் நின்றது. அடிமை முறை ஒழிய 1834 ஆனது. அது ஒழிந்த கையோடு தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று ஒப்பந்தக் கூலி முறை வந்தது. மொரீஷியஸுக்கும் கயானாவுக்கும் பிறகு நேட்டாலுக்கும் இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். 1860 நவம்பரில் டர்பன் துறையில் சேர்ந்த ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல். அதில் போனவர்களில் தமிழர்கள் உண்டு. அடிமை முறையும் கூலி முறையும் ஒன்றல்ல. ஆனால் ஒரு கதவு மூடியதும் லாபம் அடுத்த கதவைத் தேடும் என்பதற்கு இது சான்று. மாற்றம் கொண்டுவந்த குழு, சட்டம் வந்த நாளோடு கலைந்துவிடக் கூடாது.

கோட்டை வரைவது, கோட்டின் இடத்தைக் குறிப்பது

சட்டம் வந்ததோடு வேலை முடியாது என்பதற்கு இன்னொரு சான்று கப்பலின் மேலேயே இருக்கிறது. கப்பலின் வெளிப்புறத்தில் வட்டமும் குறுக்குக் கோடுமாக இருக்கும் பிளிம்சால் குறியைக் கடலோடிகள் தினமும் பார்க்கிறார்கள். நிலக்கரி வணிகர் சாமுவேல் பிளிம்சால் 1868இல் டெர்பி தொகுதியின் உறுப்பினரானார். அளவுக்கு மீறி ஏற்றி, மூழ்கினால் காப்பீடு வாங்கிக்கொள்ளும் கப்பல் முதலாளிகளை எதிர்த்து 1873இல் புத்தகம் எழுதினார். 1875இல் அரசு வணிகக் கப்பல் மசோதாவைக் கைவிட்டபோது அவையிலேயே கொதித்தெழுந்தார். அவருக்கு முன்பே இதைப் பேசியவர் ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி. தொழிலுக்கு உள்ளேயிருந்து வந்த குரல் அது.

1876இல் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் கப்பல்கள் சுமைக் கோடு வரைய வேண்டும் என்றது. கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதை மட்டும் முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது! அந்த இடத்தை அரசு கணக்கிட்டுச் சொல்வது என்று சட்டம் திருத்தப்பட்டது 1890இல். பதினான்கு ஆண்டுகள் கோடு இருந்தது, அளவு இல்லை. எதைக் கேட்டாலும் அதை யார் அளப்பது, எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் கிடைப்பது வெறும் பெயிண்ட்தான்.

இன்றைய கப்பலில்

இவற்றை எல்லாம் இன்றைய டெக்குக்கும் எஞ்சின் ரூமுக்கும் கொண்டுவந்தால் ஓய்வு நேரத் தாளிலிருந்து தொடங்கலாம். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாட்களில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது சர்வதேச விதி. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் நாட்களில், அடுத்தடுத்து அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது, இது காற்றில் பறக்கிறது. உண்மையான நேரத்தை எழுதினால் கணினித் திரையில் சிவப்பு விழும். சிவப்பு விழுந்தால் கரையிலிருந்து கேள்வி வரும். அதனால் பச்சை வரும்வரை எண்களை மாற்றுகிறார்கள். உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இப்படித் திருத்தி எழுதுவது தொழிலின் பழக்கமாகவே ஆகிவிட்டதை விரிவாகக் காட்டியது.

திருத்திய தாளின் தீமை அன்றைய தூக்கத்தோடு முடிவதில்லை. இத்தனை ஆட்கள் இருந்தால் போதும், எல்லோரும் நன்றாக ஓய்வெடுக்கிறார்கள் என்று கரைக்குப் பொய்ச் சாட்சி சொல்லிவிடுகிறது. கிளார்க்சன் தேடிப் போன ஏடுகளில் மாலுமிகளின் சாவு உள்ளபடி பதிவாகியிருந்தது. அவற்றையும் பச்சையாகத் திருத்தி வைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

இங்கே ஒரு சிறு குழுவால் செய்யக்கூடியது என்ன? கப்பலின் எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், துறைமுக நாட்களின் ஓய்வு என்ற ஒன்றை மட்டும் எடுக்கலாம். மூன்று நான்கு பேர் ஒத்துப்பேசி உள்ளதை உள்ளபடி எழுதலாம். எழுதியதை வைத்துப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் பேசி, அது கூட்டக் குறிப்பில் ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஐந்து பேருக்குக் குறையாமல் பணியாற்றும் கப்பலில் பாதுகாப்புக் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா அதை 2015இல் ஏற்றது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. கப்பலில் தீராததை, கரையில் இதற்கென்றே நியமிக்கப்பட்ட பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு எழுதலாம்.

விதி இருப்பதால் பயம் போய்விடாது. அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் தனியாளாக நிற்க வேண்டாம் என்கிறோம். குரலை உயர்த்துவதைவிடத் தேதியும் நேரமும் போட்டு எழுதுவது பாதுகாப்பானது. கோபமாகப் பேசியவர் என்று ஒருவரை ஒதுக்குவது எளிது. நாலு பேரின் தாளில் ஒரே நேரம் பதிந்திருக்கும்போது அது எளிதாக முடியாது.

கப்பலுக்கே உரிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. லண்டன் குழு பல ஆண்டுகள் ஒரே ஊரில் இயங்கியது. கப்பல் குழுவோ சில மாதங்களில் ஆளுக்கொரு விமானம் ஏறிக் கலைந்துவிடும். அடுத்த துறைமுகத்தில் புது முகங்கள் ஏறும். ஆகவே கப்பலில் தலைமை என்பது ஓர் ஆளிடம் தங்க முடியாது. பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பில் இந்த விஷயம் எங்கே நிற்கிறது, யாரிடம் எழுதிக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று ஒரு பத்தி எழுதி வைக்கிற இரண்டாம் அதிகாரி, மேடையில் முழங்குகிறவரைவிடப் பெரிய தலைவர்.

படிக்க வேண்டியவர்கள்

இதுவரை சொன்னது கீழேயிருந்து எழுதுகிறவர்களுக்கு. மேலேயிருந்து படிக்கிறவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு, அது கசப்பானது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீபுரூக் துறைமுகத்திலிருந்து ஹெரால்டு ஆப் ஃபிரீ எண்டர்பிரைஸ் என்ற பயணிகள் கப்பல் முகப்புக் கதவு திறந்தபடியே புறப்பட்டு, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டிய பணியாளர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியதா இல்லையா என்று பார்க்க, மேலே பிரிட்ஜில் இருந்த கேப்டனுக்கு எந்த வழியும் இல்லை.

அந்த வழியை ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். 1985இலேயே அதே நிறுவனத்தின் கேப்டன் ஒருவர், கதவின் நிலையைக் காட்டும் விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள் என்று எழுதியிருந்தார். கோரிக்கை சிறியது, தெளிவானது, சரிபார்க்கக்கூடியது. இந்தக் கட்டுரை சொல்லும் இலக்கணம் அத்தனையும் அதில் இருந்தது. மேலாளர்கள் கேலிக் குறிப்பெழுதி அதை ஒதுக்கினார்கள். விபத்து நடந்த சில நாட்களில் மற்றக் கப்பல்களில் அதே விளக்கு பொருத்தப்பட்டது. கப்பல் நிறுவனங்களின் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான சர்வதேச விதித்தொகுப்பு உருவாக இந்த விபத்து பெரிய காரணம். பயணிகள் கப்பல்களுக்கு அது 1998 ஜூலை 1 முதல் கட்டாயமானது. கரையில் ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்ற விதி அதிலிருந்துதான் வந்தது.

ஆகவே தலைமைப் பண்பு வகுப்புகளில் துணிச்சலாகப் பேசக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்த வேண்டாம். ஜூனியர்களுக்கு ஒரு குறையை எப்படிச் சுருக்கி, அளந்து, தேதியிட்டு எழுதுவது என்ற பயிற்சி வேண்டும். கேப்டன்களுக்கும் கரை மேலாளர்களுக்கும் அப்படி ஒரு தாள் மேசைக்கு வந்தால் என்ன செய்வது என்ற பயிற்சி வேண்டும். செய்யப்போகிறோமா, எந்தத் தேதிக்குள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் பதில் தருவது அதில் முதல் பாடமாக இருக்கட்டும். ஒரு நிறுவனம் தன் தலைமையை எடைபோட விரும்பினால், கடந்த ஓராண்டில் தன் கப்பல்களிலிருந்து வந்த இப்படிப்பட்ட தாள்கள் எத்தனை, அவற்றில் பதில் போனவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். தாளே வரவில்லை என்றால் கப்பலில் குறையே இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். எழுதிப் பயனில்லை என்று அங்கே முடிவுகட்டிவிட்டார்களா என்று விசாரிக்கத் தொடங்குவதுதான் சரி.